பாலத்துக்காரர் கண்ணில் வைத்த விளக்கு

(முதியோர் இல்லம் ஒன்றின் ஆண்டு விழாவில், கடைசியாக அழைக்கப்பட்டவர் ஆற்றிய நன்றியுரை)

வெயிலையும் வேலையையும் பொருட்படுத்தாமல் வந்து இவ்விழாவுக்குத் தலைமை தாங்கி வீற்றிருக்கும் அறக்கட்டளைத் தலைவர் அவர்களே, வரவேற்புரையிலேயே வயிற்றுப் பசியைக் கிளப்பிவிட்ட செயலாளர் அவர்களே, வாழ்த்துரை வழங்கிய மருத்துவர் அம்மா அவர்களே, எல்லாருக்கும் நாற்காலி போட்டுவிட்டுத் தனக்கு நாற்காலி இல்லாமல் தூணோரம் நிற்கும் மேலாளர் தம்பி அவர்களே, முன்வரிசைகளை நிறைத்திருக்கும் மகன்களே, மகள்களே, மருமக்களே, மடியில் உறங்கும் பேரக் குழந்தைகளே, பெறாமலே எங்களைப் பேணும் செவிலித் தாய்மார்களே, சமையற்கட்டுக் கதவிடுக்கில் நின்று எட்டிப் பார்க்கும் அன்னையரே, விருந்தினருக்கு முன்னிடம் விட்டுப் பின்வரிசையில் சக்கர நாற்காலிகளிலும் சாய்வு நாற்காலிகளிலும் அமர்ந்திருக்கும் என் அருமைத் தோழர்களே, தோழியரே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நன்றியுரை என்றால் என்ன? கூட்டம் எழுந்துகொள்ளும் ஓசைக்கு நடுவில் ஒருவர் முணுமுணுப்பது. நாற்காலி நகரும், செருப்பைத் தேடிக் கால்கள் அலையும், குழந்தை விழித்துக்கொள்ளும். அதற்குள் பேசி முடிக்க வேண்டும். அதற்குப் பொருத்தமான ஆள் யார் என்று யோசித்துத்தான் என்னைத் தேர்ந்திருக்கிறார்கள். நான் நூலகத்தில் காலம் கழித்தவன். "சத்தம் போடாதீர்கள்" என்பதைக்கூடச் சத்தமாகச் சொல்லத் தெரியாதவன். "நூலகம் சார் ரெண்டு நிமிஷத்துல முடிச்சிருவாரு, சாப்பாட்டைத் தயாரா வைங்க" என்று யாரோ சொன்னது என் காதிலும் விழுந்தது. ரெண்டே நிமிடத்தில் முடிக்கத்தான் நானும் எண்ணியிருந்தேன்.  

மேலாளர் தம்பி ஒரு தாள் தந்திருக்கிறார். நன்றி சொல்ல வேண்டியவர்களை வரிசையாக எழுதி, வரிசை எண்ணும் போட்டிருக்கிறார். ஒழுங்கான பிள்ளை. நானும் ஒழுங்காகவே படிக்கிறேன். தலைவர் அவர்களுக்கு நன்றி. மருத்துவர் அம்மாவுக்கு நன்றி. மதிய உணவுக்குப் பொறுப்பேற்ற அன்பருக்கு நன்றி. ஒலிபெருக்கி தந்தவருக்கு நன்றி. அது நடுநடுவே கூவினாலும் நன்றி. அடுத்து ஐந்தாவது வரி. "பொதுக்கூடத் தொலைக்காட்சியில் பொம்மைப் படங்களை நிறுத்தி, வயதுக்கேற்ற பயனுள்ள நிகழ்ச்சிகளை மட்டும் காட்டுவதென்று நல்முடிவு எடுத்த நிர்வாகத்துக்கு, இங்கு வாழ்வோர் சார்பில் நன்றி."

இல்லையம்மா, கண்ணாடி தேட வேண்டாம், போட்டுத்தான் இருக்கிறேன். எழுத்து நன்றாகத் தெரிகிறது. தெரிவதுதான் சிக்கல்.

இந்த வரியை என்னால் படிக்க முடிகிறது. சொல்ல முடியவில்லை. இங்கு வாழ்வோர் சார்பில் என்று இருக்கிறது. இங்கு வாழ்வோரில் யாரைக் கேட்டார்கள்? என்னைக் கேட்கவில்லை. பின்வரிசையில் யாரையாவது கேட்டார்களா? கேட்டிருந்தால் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். ஒரு கையும் இல்லை. தோள்வலிக்காரர்கள் தூக்க வேண்டாம், தலையை ஆட்டினால் போதும். தலையும் இல்லை.

தலைமையுரையிலும் வயதுக்கேற்றது என்றார் தலைவர் அவர்கள். அந்தச் சொல்லோடு நான் ஆயுள் முழுதும் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். நூலகத்துக்குப் புதிதாக ஒரு புத்தகம் வந்தால் அது எந்த அலமாரிக்குப் போக வேண்டும் என்று முடிவுசெய்வது என் வேலை. இது சிறுவர் பகுதி, இது பெரியவர் பகுதி. வாசகர்கள் அந்த முடிவை மதித்தார்களா? வாத்தும் நரியும் பேசும் புத்தகத்தைச் சிறுவர் பகுதியில் வைப்பேன். மறுநாள் குட்டி நாற்காலியில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து ஒரு வழக்கறிஞர் அதைப் படித்துக்கொண்டிருப்பார். அலமாரிக்குத்தான் வயது எழுதலாம். ஆளுக்கு எழுத முடியாது.

ஜப்பானில் வரைந்து உயிர் கொடுத்த அந்தப் படங்களை, அனிமே என்று பேரப் பிள்ளைகள் சொல்லும் அந்தப் படங்களை, எனக்கு அறிமுகப்படுத்தியவர் பதினான்காம் அறைக்காரர். பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை நாங்கள் விசில் என்றுதான் அழைப்போம். வேலையை விட்டும் அவர் விசிலை விடவில்லை. அவருடைய பேத்தி ஒரு பென்டிரைவில் அந்தப் படங்களை ஏற்றி, தமிழ் எழுத்து கீழே ஓடும்படி செய்து கொடுத்திருந்தாள். ஒருநாள் மூன்று மணிக்கு நான் செய்தித்தாளும் கையுமாகப் பொதுக்கூடத்தைக் கடந்து போகிறேன். வாசலில் விசில் நிற்கிறார்.

"சார், வண்டி கிளம்புது. ஏறுறீங்களா, இல்ல நடந்தே வர்றீங்களா?"

"அது சின்னப் பசங்க படமாச்சே," என்றேன்.

"சின்னப் பசங்களுக்கு ஸ்கூல் இருக்கு சார். மூணு மணிக்குச் சும்மா இருக்கிறது நாமதான்."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நான் ஏறிவிட்டேன்.

அந்தக் கூடம் எப்படி நடந்தது தெரியுமா? முன்வரிசையார் ஒருநாளும் மூன்று மணிக்கு வந்ததில்லை, அதனால் சொல்கிறேன். எழுத்து தெரியாத கண்களுக்காக, எங்களில் ஒருவரான டீச்சரம்மா கீழே ஓடுவதை உரக்கப் படிப்பார். வகுப்பில் சொல்வதெழுதச் சொல்லிப் பழகிய குரல். காதலன் காதலியிடம் சொல்வதையும், வில்லன் உலகை அழிப்பேன் என்பதையும், "மழை ஓசை" என்று அடைப்புக்குள் இருப்பதையும் ஒரே சீராகப் படிப்பார். ஓய்வுபெற்ற, காது மந்தமான எலக்ட்ரீசியன் ஐயா கேட்பார், "மழையா? எந்த அளவுக்கு?" டீச்சரம்மா திரையைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "நல்ல மழைங்க, துணி எல்லாம் நனையும்," என்பார். கழிவறைக்குப் போக வேண்டியவர் கையைத் தூக்கினால் ஒரு விசில், படம் நிற்கும். அவர் திரும்பி வந்து உட்கார்ந்ததும் ரெண்டு விசில், படம் ஓடும். இப்படி ஒருவர் கண்ணை ஒருவருக்கு ஈந்து, ஒருவர் காதை ஒருவருக்கு ஈந்து, நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு முழு ஆளாகிப் படம் பார்த்தோம்.

அங்கே நாங்கள் யார் யாரைச் சந்தித்தோம்? அழுக்கான மேகங்களை அருவியில் துவைத்து மலையில் உலர்த்தும் சலவைக்காரியைச் சந்தித்தோம். கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அது கெட்ட செய்தியாக இருந்தால் உடன் அமர்ந்து அழுதுவிட்டுப் போகும் கோபக்கார வாத்துத் தபால்காரரைச் சந்தித்தோம். போர் தொடங்குவதற்கு முந்தைய நாள் வயிற்றுவலி வந்து சுருண்டு படுக்கும் எதிரித் தளபதியைச் சந்தித்தோம். எங்களில் ஒருவர் முப்பது வருடம் மருத்துவமனையில் தலைமைச் செவிலியாக இருந்தவர். அவர் திரையைப் பார்த்து, "பாவம், யாராவது கஞ்சி வெச்சுக் குடுங்களேன், காலையில சண்டை போடணும்ல," என்றார். எதிரிக்குக் கஞ்சி வைக்கச் சொல்லும் படத்தை எந்த அலமாரியில் வைப்பீர்கள்?

அந்தப் படங்களில் கதை சும்மா நின்றுவிடும். கெண்டியில் நீர் கொதிக்கும், அதையே காட்டுவார்கள். காலியான அறையில் திரைச்சீலை அசையும், அதையே காட்டுவார்கள். ஒன்றும் நடக்காத நேரத்தை ஒருவன் உட்கார்ந்து கை வலிக்க வரைந்திருக்கிறான். எங்கள் நாளில் பாதி அப்படித்தான் போகிறது. அதை வீண் என்று சொல்லாத ஒரு கலையை நாங்கள் முதன்முதலாகக் கண்டோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சோறு ஆறினால் நான் பொறுப்பு.

பிறகு ஒரு தொடர் தொடங்கினோம். போர் முடிந்த ஒரு நாடு. போருக்காகச் செய்த ஓர் இரும்பு மனிதர், கட்டளையிட யாருமில்லாமல் ஆற்றங்கரையில் நிற்கிறார். வெள்ளம் வருகிறது. ரயில் பாலத்தின் நடுத்தூண் சரிகிறது. தூரத்தில் ரயிலின் கூவல் கேட்கிறது. யாரும் சொல்லாமல் அவர் ஆற்றில் இறங்கி, தூண் இருந்த இடத்தில் நின்று தோள் கொடுக்கிறார். ரயில் பத்திரமாகக் கடந்து போகிறது. ஆனால் தோளை எடுத்தால் பாலம் விழும். ஆகவே அவர் எடுக்கவில்லை. அங்கேயே நின்றுவிட்டார். இதுதான் முதல் பகுதி.

பிறகு ஆண்டுகள் போகின்றன. முழங்கையில் குருவி கூடு கட்டுகிறது. இடுப்பில் பாசி படர்கிறது. ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகக் கரைக்கு வந்து தங்கள் துயரத்தை அவரிடம் சொல்கிறார்கள். அவருக்கு வாய் இல்லை. ஒற்றைக் கண்ணில் ஒரு வெளிச்சம் மட்டும் கூடும், குறையும். அவ்வளவுதான் அவர் பேச்சு. நாங்கள் அவருக்குப் பாலத்துக்காரர் என்று பெயர் வைத்தோம். எங்களோடு ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார், விசிலின் அறைத்தோழர். அவர் ஒவ்வொரு முறை ரயில் பாலம் ஏறும்போதும், "இந்த வளைவுல இந்த ஸ்பீடு கூடாதுய்யா, கீழ நிக்கிறவர் தோள் என்னத்துக்கு ஆகும்," என்று திட்டுவார்.

ஒருமுறை தோள் கொடுத்தவர் பிறகு எடுக்க முடியாது. இது இந்தக் கூட்டத்தில் யாருக்குப் புரியாது? முன்வரிசைப் பிள்ளைகளே, உங்கள் ரயில் கடந்து வந்த பாலத்தின் அடியில் நின்றவர்கள் பின்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து, பொம்மைப் படம் பார்க்காதே, உனக்குப் புரியாது என்று சொல்லலாமா? எங்களுக்குப் புரிந்த அளவு அதை வரைந்தவனுக்கே புரிந்திருக்குமா?

கைதட்டலுக்கு நன்றி. பின்வரிசையில் மட்டும்தான் கேட்டது, பரவாயில்லை.

அந்தத் தொடரின் நடுவில், சென்ற மழைக்காலத்தில், ஒருநாள் விசில் வரவில்லை. வாந்தி, மயக்கம் என்று காலையில் ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். அடுத்த நாள் கேட்டோம். "மகன் வீட்டுக்குப் போயிருக்கார்" என்றார்கள். சரி என்றோம். டீச்சரம்மா கையைத் தட்டிப் படத்தை நிறுத்தவும் ஓட்டவும் செய்தார். தொடர் போய்க்கொண்டிருந்தது.

ஒரு பனிக்கால மாலை. திரையில் பனி விழுகிறது. பாலத்துக்காரரின் கண் வெளிச்சம் மெல்லக் குறைகிறது. கூடும் என்று காத்திருக்கிறோம். கூடவில்லை. அணைந்துவிட்டது. ஆனால் பாலம் விழவில்லை. இறந்த பிறகும் தோளை எடுக்கவில்லை அந்த மனிதர். வெகுநேரம் பனி மட்டும் விழுந்தது. கீழே எழுத்து எதுவும் ஓடவில்லை. டீச்சரம்மாவுக்குப் படிக்க ஒன்றுமில்லை. கடைசியில் அவராகவே, "அவ்வளவுதான்," என்றார்.

அதோடு முடிந்திருந்தால் நாங்கள் தாங்கியிருப்போம். அடுத்து என்ன வந்தது? ரயில் நிலைய அதிகாரி ஓர் ஏணியோடு வருகிறார். யாரும் பார்க்காத நேரம். ஏணியில் ஏறி, அந்த அணைந்த கண்ணுக்குள் ஒரு மின்விளக்கை மாட்டுகிறார். "தெரிந்தால் மக்கள் பயப்படுவார்கள். அவர்கள் நன்மைக்குத்தான்," என்கிறார். மறுநாள் ரயில் போகிறது. சன்னலோரக் குழந்தைகள் பாலத்துக்காரரைப் பார்த்துக் கையசைக்கிறார்கள். அந்த விளக்கு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரே மாதிரி எரிகிறது. அந்தப் பகுதி அங்கே முடிகிறது.

அன்று யாரும் தேநீர் குடிக்கவில்லை. ஓட்டுநர்தான் முதலில் பேசினார்.

"ஊருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்ல. தெரிஞ்சவங்க சும்மா இருந்தா எப்படி?"

"என்ன செய்யலாம்ங்கிறீங்க?" என்றார் டீச்சரம்மா.

"ஒரு கூட்டம் போடுவோம். நாலு வார்த்தை பேசுவோம். ஒரு மனுஷன் போயிட்டா செய்யுறதுதானே."

மறுநாள் காலை நான்தான் எழுதினேன். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னிடம் கொடுத்தார்கள். வாசலில், அன்றன்றைய உணவை எழுதும் பலகையில், எழுதியிருந்த உணவுப் பட்டியலை அழித்துவிட்டு எழுதினேன். "நம் அன்புக்குரிய ஒருவரை நேற்று இழந்தோம். இன்று மாலை நான்கு மணிக்குப் பொதுக்கூடத்தில் இரங்கல் கூட்டம்." பெயர் எழுதவில்லை. எங்கள் எல்லாருக்கும் யார் என்று தெரியும், எழுதுவானேன்? இந்தத் தவறை நாங்கள் மட்டுமே செய்ய முடியும் என்று செயலாளர் அவர்கள் அன்று சொன்னார். உண்மைதான்.

காலையில் மாமியாரைப் பார்க்க வந்த ஒரு மருமகள் அந்தப் பலகையைப் படம் பிடித்துக் குடும்பத்தார் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். எங்களுக்கு அது தெரியாது. எங்கள் அலைபேசிகள் வழக்கம்போல் சார்ஜ் இல்லாமல் கிடந்தன.

நான்கு மணி. டீச்சரம்மா தலைமை. எலக்ட்ரீசியன் ஐயா பேசினார். இத்தனை வருடம் ஈரத்தில் நின்றும் ஒயரிங் கெடாமல் உழைத்தாரே, அந்தக் காலத்து உழைப்பு வேறு என்றார். தலைமைச் செவிலி பேசினார். பிறகு ஓட்டுநர் எழுந்தார்.

"பாலத்துக்காரர் நல்ல மனுஷர்," என்று தொடங்கினார். "யாரு என்ன சொன்னாலும் கேட்டுக்குவாரு. அப்புறம்... ஜன்னல் பக்கம் குளிரும்னு என்னை உள்பக்கக் கட்டில்ல படுக்கச் சொல்லுவாரு. எனக்குச் சர்க்கரைன்னு என் பங்கு இனிப்பையும் அவரே சாப்பிட்டுத் தியாகம் பண்ணுவாரு. தூக்கத்துல 'டிக்கெட், டிக்கெட்'னு கேப்பாரு. நானும் தூக்கத்துலயே 'ஸ்டாப்'னுவேன்..."

இரும்பு மனிதருக்கு ஏது கட்டில்? ஏது இனிப்பு? கூடத்தில் ஒருவரும் திருத்தவில்லை. டீச்சரம்மா, எழுத்துப்பிழை என்றால் எழுந்து நின்று திருத்தும் டீச்சரம்மா, தலையைக் குனிந்துகொண்டு, "மேல சொல்லுங்க," என்றார்.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள்.

கதவு திறந்தது. சட்டையை உள்புறம் வெளியாகப் போட்ட ஒரு மகன். ஒரு காலில் செருப்பில்லாத ஒரு மகள். மாமியாரைத் தேடி அழுதபடி வந்த ஒரு மருமகள், அவரை நாங்கள் அதுவரை சிடுசிடுப்பானவர் என்று நினைத்திருந்தோம். இன்றைய விழாவுக்குக்கூட அத்தனை பேர் வரவில்லை. என் மகளும் வந்தாள். அதோ, நான்காவது வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள். அன்று அலுவலக அட்டை கழுத்தில் தொங்க ஓடி வந்து, இரண்டு கைகளாலும் என் முகத்தைப் பிடித்துப் பார்த்தாள்.

"யாருப்பா? யாரு போயிட்டாங்க?"

"பாலத்துக்காரரும்மா."

"எந்த ரூம்?"

"ரூம் இல்லம்மா. படத்துல."

கையை எடுத்துவிட்டாள். "பொம்மை செத்ததுக்கா நான் வழியெல்லாம் அழுதுட்டு வந்தேன்?" என்றாள்.

எனக்கு அன்று பதில் வரவில்லை. எனக்குப் பதில்கள் தாமதமாகத்தான் வரும். பிள்ளைகள் கோபத்தோடு நிர்வாகத்திடம் போனார்கள். கூட்டம் கலைந்தது. ரிமோட்டை அலுவலக அலமாரியில் பூட்டினார்கள். ஓட்டுநர் சொல்லிக்கொண்டிருந்தது பாதியில் நின்றது. இன்றுவரை பாதியில்தான் நிற்கிறது.

மகளே, பதில் இன்று வந்துவிட்டது. கேள். எல்லாப் பிள்ளைகளும் கேளுங்கள்.

அன்று உங்களை ஓடவைத்தது எது? ஒருவர் போய்விட்டார் என்ற செய்தியா? இல்லை. யார் என்று சொல்லாத செய்தி. பெயரில்லாத அந்தப் பலகைக்கு முன்னால் நீங்கள் ஒரு பிற்பகல் நின்றீர்கள். அதற்கே செருப்பு கழன்றது, சட்டை திரும்பியது. நாங்கள் எந்நாளும் அந்தப் பலகைக்கு முன்னால்தான் நிற்கிறோம்.

ஆம், இந்த இல்லத்தில் யாரும் இறப்பதில்லை. உங்களுக்குத் தெரியுமா? இங்கே எல்லாரும் மகன் வீட்டுக்குப் போகிறார்கள். நாங்கள் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சமையற்கட்டுப் பக்க வாசலில் வண்டி வந்து நிற்கும். மாலையில் கதவிலிருந்து பெயர் அட்டை போயிருக்கும். உணவுக்கூடத்தில் ஒரு நாற்காலி குறைந்திருக்கும். கேட்டால், மகன் வீடு. பெண் பிள்ளை மட்டுமே பெற்ற ஒன்பதாம் அறை அம்மா மகன் வீட்டுக்குப் போனார். கல்யாணமே ஆகாத ஓவிய ஆசிரியர்கூட ஒருநாள் மகன் வீட்டுக்குப் போனார். சிரிக்கிறீர்கள். நாங்களும் சிரித்தோம். சிரித்துவிட்டு அவரவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம்.

எங்கள் நன்மைக்குத்தான். எனக்குத் தெரியும். தெரிந்தால் மனம் தளர்ந்துவிடுவார்கள் என்ற நல்லெண்ணம்தான். ஏணி எடுத்து வந்தவருக்கும் நல்லெண்ணம்தான். ஆனால் அம்மா, ஐயா, நாங்கள் பெற்றோரைப் பறிகொடுத்தவர்கள். கட்டியவரைப் பறிகொடுத்தவர்கள். எங்களில் சிலர் பெற்ற பிள்ளையையே பறிகொடுத்தவர்கள். எங்களிடமா மரணத்தை மறைப்பது? மீனிடமா ஆற்றை மறைப்பது? நாங்கள் அழக்கூடாத ஆட்கள் இல்லை. அழுவதற்கு ஒரு பெயர் கிடைக்காத ஆட்கள். அந்தப் பெயரை ஒரு ஜப்பானியப் படம் கொடுத்தது. அதையும் பறித்துவிட்டு அதற்கு நன்றி சொல் என்று என் கையில் தாள் கொடுத்தால், நான் எப்படிச் சொல்வேன்?

தலைவர் அவர்களே, ஒரே ஒரு கேள்வி. பதில் கிடைத்தால் உட்கார்ந்துவிடுகிறேன். பதினான்காம் அறையில், சன்னலோர ஆணியில் ஒரு விசில் தொங்கியது. மகன் வீட்டுக்குப் போகிறவர் பல்செட்டை மறந்தாலும் மறப்பார், அந்த விசிலை மறக்க மாட்டார்.

எங்கள் விசில் எங்கே?

நான் காத்திருக்கிறேன். காத்திருப்பதில் எங்களுக்குப் பழக்கம் உண்டு.

தலைவர் மேலாளரைப் பார்க்கிறார். மேலாளர் தம்பி தரையைப் பார்க்கிறார். தம்பி, உங்களைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று உங்களுக்குச் சொன்னார்கள். இப்போது நான் கேட்கிறேன். வாருங்கள். இந்த ஒலிபெருக்கி கூவும், பயப்படாதீர்கள்.

சொல்லுங்கள்.

பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்கிறார்கள்.  டீச்சரம்மா எங்களுக்குப் படித்ததுபோல நான் உங்களுக்குப் படிக்கிறேன். "விசில் ஐயா இறந்துவிட்டார். ஆம்புலன்ஸிலேயே. மருத்துவமனை போய்ச் சேர்வதற்கு முன்." அடுத்து... "நான்தான் கூடப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். 'மூணு மணிக்குள்ள திரும்பிடலாமா தம்பி' என்று கேட்டார். திரும்பிடலாம் ஐயா என்றேன்."

அவ்வளவுதான்.

தம்பி, இந்த நாற்காலியில் உட்காருங்கள். இத்தனை நாள் இதை ஒற்றை ஆளாகச் சுமந்துகொண்டு, எங்களிடம் மகன் வீடு, மகன் வீடு என்று சொல்லிக்கொண்டிருந்தீர்களே. நீங்களும் ஆற்றுக்குள்தான் நின்றிருக்கிறீர்கள். ஐந்தாவது வரியை நான் இப்போது திருத்திப் படிக்கிறேன். எங்களுக்கு உண்மையைச் சொன்ன மேலாளர் தம்பிக்கு, இங்கு வாழ்வோர் சார்பில் நன்றி. இதைச் சொல்ல யாரையும் கேட்க வேண்டியதில்லை. பின்வரிசையைப் பாருங்கள், தெரியும்.

தலைவர் அவர்களே, எங்களுக்கு வேண்டியது பெரிதில்லை. எங்களில் ஒருவர் போனால் அன்றே சொல்லுங்கள். பெயரைப் பலகையில் எழுதுங்கள், நானே எழுதித் தருகிறேன். சமையற்கட்டு வாசல் வழியாக அல்ல, முன்வாசல் வழியாக அனுப்புங்கள். நாங்கள் வாசல்வரை வருவோம். நடக்க முடியாதவரைத் தள்ளிக்கொண்டு வருவோம். அந்த வரிசையில் நாளை எனக்கும் ஓர் இடம் உண்டு என்று தெரிந்தால் எனக்குப் பயம் குறையுமே தவிரக் கூடாது. இதை இந்த இல்லத்திலேயே பயந்த ஆள் சொல்கிறேன்.

இன்னொன்று. நாளை மூன்று மணிக்கு அடுத்த பகுதி. அந்தக் கண்ணிலிருந்து விளக்கைக் கழற்றுவது யார் என்று எங்களுக்கு இன்னும் தெரியாது. சன்னலோரக் குழந்தையா, குருவியா, அந்த அதிகாரியேவா? தெரிந்தாக வேண்டும். ரிமோட் பூட்டிய அலமாரியில் பத்திரமாக இருக்கட்டும். தொலைக்காட்சிப் பெட்டியின் பின்பக்கத்தில் ஒரு பொத்தான் இருப்பதாக எலக்ட்ரீசியன் ஐயா சொல்லியிருக்கிறார். நாளை மூன்று மணிக்கு நான் அதை அழுத்துவேன். திருட்டுத்தனமாகச் செய்வது எனக்கு ஒத்துவராது, ஆகவே நிர்வாகத்துக்கு முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன். தடுக்க விரும்புகிறவர்கள் இரண்டே முக்காலுக்கு வரவும். வந்தால் உட்கார இடம் தருவோம். பார்க்கத் தொடங்கினால் தடுக்க மாட்டீர்கள்.

மகளே, நீயும் வா. யார் யார் என்று முதல் பகுதியிலிருந்து சொல்கிறேன்.

இப்போது, சாப்பாட்டுக்கு முன், முடிந்தவர்கள் எழுந்து நில்லுங்கள். முடியாதவர்கள் முதுகை நிமிர்த்துங்கள், போதும். பதினான்காம் அறை நண்பருக்காக. ஒன்பதாம் அறை அம்மாவுக்காக. ஓவிய ஆசிரியருக்காக. மகன் வீட்டுக்குப் போனதாக நாங்கள் நம்பியதுபோல் நடித்த ஒவ்வொருவருக்காகவும்.

தலைவர் அவர்களும் எழுந்து நிற்கிறார். நன்றி ஐயா.

ஓட்டுநர் ஐயா, அன்று பாதியில் நிறுத்தியதை நீங்கள்தான் முடிக்க வேண்டும். ஒலிபெருக்கி தரட்டுமா? வேண்டாமா? சட்டைப் பையில் என்ன வைத்திருக்கிறீர்கள்?

கேட்டீர்களா? ரெண்டு விசில். பழக்கமில்லாத முன்வரிசைக்காகச் சொல்கிறேன். ஒரு விசில் என்றால் வண்டி நிற்க வேண்டும். ரெண்டு விசில் என்றால் எல்லாரும் ஏறியாயிற்று, போகலாம்.

பொறுமையோடு அமர்ந்திருந்த பெரியோர்களுக்கும், கண்ணைத் துடைத்துக்கொள்ளும் தாய்மார்களுக்கும், எழுந்து நின்ற பிள்ளைகளுக்கும், சோற்றை மூடிவைத்துக் காத்திருக்கும் சமையற்கட்டுக்கும், கையில் விசிலோடு நிற்கும் ஓட்டுநருக்கும், நாளை மூன்று மணிவரை என் நன்றி, வணக்கம்.